கூட ஆள் இல்லாமல் கல் உடைக்க மாட்டார்கள்

2011 ஜூலை 2, சனி

கொளுத்துகிற வெயில். ஒரகடம் ரோட்டு லாரிப் புழுதி எல்லாம் பென்னலூருக்குத்தான் வருகிறது. துவைத்துப் போட்ட சுடிதார் காய்வதற்குள் மறுபடி அழுக்கு. இன்றும் லீவு.

மாடி ஸ்டோர் ரூமுக்கு வந்தாயிற்று. ஹவுஸ் ஓனர் அம்மா சொன்னார். கோபமாக இல்லை, பாசமாகத்தான். "காமால ஒட்டிக்கும்மா. கீழ அத்தினி பொண்ணுங்க கீதுங்க. நீ கொஞ்ச நாளு மேல இருந்துக்கோ, இன்னா?" தனித் தட்டு, தனி டம்ளர், தனி வாளி. அறையில் ஒரு பழைய ஃபேன், உடைந்த கிரைண்டர், நான்.

கண் மஞ்சளானதை முதலில் பார்த்தது சூப்பர்வைசர். எங்கள் செல்போன் கம்பெனி லைனில் எல்லோருக்கும் தொப்பி, முகமூடி. வெளியே தெரிவது கண் மட்டும். எனக்குக் கண்தான் கெட்டுப்போனது. "பேச்சியம்மா, காலைல கண்ணாடி பாத்தியா?" என்றார். மை கலைந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

சேரப்பணஞ்சேரியில் ஒருவர் காமாலைக்குப் பச்சிலை அரைத்துத் தருகிறார் என்றார்கள். குடித்தாயிற்று. உப்பில்லாத மோர்ச்சோறும் தின்றாயிற்று. ஆனால் இது வெறும் காமாலை மாதிரி இல்லை. வலது விலாவுக்குக் கீழே பிடுங்குகிறது, முதுகுக்குப் போகிறது, பிறகு நடுக்கத்தோடு காய்ச்சல். முன்பு திருநெல்வேலியில் பித்தப்பையை எடுத்தபோது இதே வலிதான். பைதான் போயாச்சே, இன்னும் என்ன?

மத்தியானம் மேலிருந்து பார்த்தேன். எஸ்தர் மெத்தையை முற்றத்தில் போட்டு டெட்டால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

கீழே நாலு கட்டில், எட்டுப் பேர். ஒருத்தி ஷிஃப்ட்டுக்குப் போனால் அதே கட்டிலில் இன்னொருத்தி படுப்பாள். என் கட்டிலுக்குக் கூட்டாளி எஸ்தர். அரக்கோணம் பக்கம். இரண்டு வருஷமாக ஒரே மெத்தை, ஒரே தலையணை. நான் உள்ளே வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தவை: சுருட்டை முடி. பாதாம் எண்ணெய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள், அங்கேதான் மெத்தை பள்ளம். எழுந்ததும் போர்வையை நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் போவாள்.

அந்த எஸ்தர் தலையணை உறையைக் குச்சியால் தூக்கி வாளியில் போட்டாள். குச்சியால்.

ஜூலை 5, செவ்வாய்

ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்ததுமே சீட்டு எழுதிவிட்டார். ஹைவே மேல் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. உடனே அட்மிஷன். ஜன்னலோரக் கட்டில். கம்பெனி பஸ்கள் போவது தெரிகிறது. ஒரு கட்டில் முழுக்க எனக்கு மட்டும். இதற்குத்தான் நோய் வர வேண்டியிருக்கிறது.

ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையை எடுத்தாலும் பித்தக்குழாய் உள்ளேயே இருக்குமாம். அதில் கல். பெரிய கல். பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் ஏறுகிறது; அதுதான் மஞ்சள், அதுதான் காய்ச்சல்.

"ஒட்டுமா டாக்டர்?"

"கல்லு எப்படிம்மா ஒட்டும்?" சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல மாட்டேன். குச்சியால் தூக்கினவளுக்கு விளக்கம் ஒரு கேடா.

நர்ஸ்: "கூட யாரு வந்திருக்கா?"

"அக்கா வருவாங்க."

எனக்கு அக்கா கிடையாது.

ஊருக்குச் சொல்லவில்லை. பித்தப்பை ஆபரேஷனுக்கே கைக்கு வந்த வரன் ஒன்று தட்டிப்போயிற்று. வயிற்றில் கத்தி வைத்த பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது சங்கரன்கோவிலிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு ஆவணியில் பார்க்க வருகிறது. அம்மா அதையே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

வேண்டியவை: பிரஷ். நைட்டி. துண்டு. சார்ஜர். சீப்பு. ஆள்.

ஜூலை 7, வியாழன்

வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கிற வேலை. கையெழுத்துப் போட, எங்களைக் கம்பெனிக்குப் பிடித்துத் தருகிற ஏஜென்சி மேடம் வந்தார். போட்டார். மீட்டிங் என்று போய்விட்டார். செண்ட் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

மயக்கம் தெளிந்தபோது மூக்கில் ஒரு மெல்லிய குழாய். கன்னத்தில் பிளாஸ்டர். மறுமுனை கட்டிலோரத்துப் பையில். அதில் பச்சையும் மஞ்சளுமாகச் சொட்டுகிறது. என் பித்தம். கண்ணால் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

கல் வரவில்லை. டாக்டர் சொன்னது: "சின்னக் கூடை மாதிரி ஒண்ணு விட்டுப் பிடிச்சு இழுப்போம். உன் கல்லு கூடைக்குள்ளயே வரல. அவ்வளவு பெருசு." இனி வெளியிலிருந்து அதிர்ச்சி அலை அனுப்பி உள்ளுக்குள்ளேயே உடைப்பார்களாம். உடைந்தபிறகு மறுபடி வாய் வழியாகப் போய்த் துண்டுகளைக் கூட்டி எடுப்பார்களாம். கத்தி இல்லை. தழும்பு இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் உயிர் வந்தது.

மூக்குக் குழாய்க்கு இரண்டு வேலை. கல் போகும்வரைக்கும் பித்தம் வடிய வேண்டும். அலை அனுப்பும் நேரத்தில் அதன் வழியாக மருந்து விட்டால் கல் எக்ஸ்ரேயில் தெரியும், குறி வைக்கலாம்.

"இந்த ட்யூபை மட்டும் தூக்கத்துல புடுங்கிடாத. புடுங்கினா மறுபடி முதல்லேர்ந்து."

மெஷின் கிட்னிக் கல்லுக்கானது. எனக்காக இரவல். திங்களும் வியாழனும் மட்டும்தான் இங்கே வரும்.

ஜூலை 8, வெள்ளி

அம்மா போன். "என்னட்டி குரலு மூக்கால வருது?"

"ஜலதோஷம்."

"ஏசி ரூம்ல உக்காந்து வேல பாத்தா அப்படித்தான். மெளகு ரசம் வச்சுக் குடி. ஓ.டி. பாக்காத ரொம்ப. கருத்துப் போவ. ஆவணியில அவுக வாராவ."

"சரிம்மா."

"சத்தமே இல்ல. என்னமும் பேசேன்."

பேச என்ன இருக்கிறது. அம்மா, மூக்கில் பச்சையாகச் சொட்டுகிறது என்றா? வைத்துவிட்டேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நன்றாக அழுதேன். அழுதால் மூக்கு அடைத்துக் குழாய் உறுத்துகிறது. அழக்கூட வசதி இல்லாத வியாதி.

பக்கத்துக் கட்டிலுக்கு மகள், மருமகள், ஃபிளாஸ்க், இட்லி. அந்த மகள் எனக்கும் ஒரு இட்லி நீட்டினாள். "உங்கூட யாருமே வரலியா?" என்றாள். இட்லி நன்றாக இருந்தது. அந்தக் கேள்வி இல்லாமல் கொடுத்திருக்கலாம்.

ஜூலை 11, திங்கள்

மேகமூட்டம். சாப்பிடாமல் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். பச்சை கவுன் மாட்டி மெஷின் ரூம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எல்லோருக்கும் கிட்னிக் கல். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "வாழத்தண்டு சாப்டு பாத்தியாம்மா?" என்றார். எனக்குப் பித்தக் கல் என்றதும் முகம் விழுந்துவிட்டது. வேறு வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

என் முறை வந்தது. "அட்டெண்டர்?" என்றார் மெஷின் ரூம் சிஸ்டர்.

"வந்துட்டே இருக்காங்க."

காத்திருந்தார்கள். இரண்டு பேரை எனக்கு முன்னால் அனுப்பினார்கள். பிறகு சிஸ்டர் வெளியே வந்து, "வலி ஊசி போடுவோம், நீ தள்ளாடுவ, ட்யூப் வேற இருக்கு. கூட ஆள் இல்லாம எடுக்க முடியாதும்மா, ரூல்ஸ்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மெஷின் போய்விட்டது. இனி வியாழன். டாக்டர் முகம் சுளித்தார். ரொம்ப நாள் தள்ளினால் மறுபடி காய்ச்சல் வருமாம், ரத்தத்தில் விஷம் ஏறுமாம். கடைசியில் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாமாம். "வியாழக்கிழமை யாரையாவது கூட்டிட்டு வா."

யாரையாவது. போனில் உள்ள பெயர்களைப் பார்த்தேன். லைன் லீடர், பஸ் டிரைவர், ரீசார்ஜ் கடை, தண்ணி கேன், ஏஜென்சி மேடம், பென்னலூர் வீட்டில் கூட இருக்கிற மல்லிகா, அம்மா. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி, கல்யாணமாகித் திருப்பூரில். எஸ்தர் நம்பர் இல்லை. இரண்டு வருஷம் ஒரே தலையணை, நம்பர் இல்லை.

மல்லிகாவுக்கு அடித்தேன். கல்தான், ஒட்டாது, ஒரு நாள் வந்தால் போதும் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். "அப்டியாக்கா? அல்லாருக்கும் ஷிஃப்ட்டு கீதேக்கா. கேட்டுப் பாக்கறேன்." பின்னால் டி.வி. சத்தம். வைத்துவிட்டாள்.

தனியாக இருக்கிறேன். எழுதிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஜூலை 13, புதன்

காலை. நைட் ஷிஃப்ட் பஸ்கள் திரும்புகிற நேரம். ஒரு கம்பெனி பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அங்கே ஸ்டாப் கிடையாது. கொஞ்ச நேரத்தில் வார்டு வாசலில் எஸ்தர், கழுத்தில் ஐ.டி. கார்டோடு.

"இன்னாக்கா இது, மூக்குல ட்யூபு?" கிட்டே வந்து பையைப் பார்த்தாள். "ஐயே. கலரைப் பாரு."

"ஒட்டாது. பயப்படாதே" என்றேன். வேண்டுமென்றேதான்.

புரிந்துகொண்டாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "பாத்தியா நீ, பெட்ட காய வெச்சத?"

"உறையைக் குச்சியால தூக்கினதையும்."

"ஆமாக்கா. பயந்துட்டேன். நானு மாசம் ஒருதபா ஊருக்குப் போறனா? அங்க எனக்குப் பாப்பா கீது. நாலு வயசு. எங்கம்மா வெச்சிகினு கீது. நான் இத்த எடுத்துகினு போயி அதுக்கு வந்துடுச்சின்னா? கம்பெனில கல்யாணம் ஆவலன்னு சொல்லித்தான் சேந்தேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

கட்டிலில் அவள் பக்கம் இருக்கிற சுவரில் ஒரு சின்னப் படம் ஒட்டியிருக்கும், குழந்தைப் படம், சோப்பு விளம்பரத்தில் வெட்டினது என்று நினைத்திருந்தேன். என்ன மாதிரி ஆள் நான்.

"நாளிக்கு நான் வரேன். நைட்டு முடிச்சிட்டு நேரா வந்துடறேன். டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"தூக்கம்?"

"மெஷின்ல படுக்கப் போறது நீ. எனக்கு இன்னா?"

நம்பர் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 14, வியாழன்

உடைக்க ஆரம்பித்தாயிற்று.

எஸ்தர் சொன்னபடி வந்தாள். கையெழுத்துப் போடும்போது உறவு என்ன என்று சிஸ்டர் கேட்க, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அக்கா" என்றாள் எஸ்தர். "யாருக்கு யாரு அக்கா?" "அத்த நீங்களே போட்டுக்கோங்க சிஸ்டர்."

மேஜையில் குப்புறப் படுக்கவைத்தார்கள். தண்ணீர் நிரம்பிய ரப்பர் மெத்தை ஒன்று கீழேயிருந்து வயிற்றில் அழுந்தியது, கொழகொழவென்று ஜெல். ஊசி. மூக்குக் குழாயில் மருந்து விட்டார்கள், உள்ளே சில்லென்று ஒரு கோடு. தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. பித்தக்குழாய், அதை அடைத்துக்கொண்டு முட்டை மாதிரி ஒன்று. இதுதானா நீ.

டக். டக். டக். முதலில் யாரோ உள்ளே விரலால் சுண்டுவது போல. பிறகு சுண்டுபவருக்குக் கோபம் வந்துவிட்டது. மெஷின்காரர், "அசையாதீங்க, குறி போயிடும்" என்றார். மூச்சுக்குக் கல் மேலும் கீழும் போகிறது. திரும்ப நிறுத்திக் குறி பார்த்து, திரும்ப டக் டக். எங்கள் டெஸ்டிங் ரூமில் புது போனைக் கீழே போட்டுப் போட்டுப் பார்ப்போம். உடையாமல் இருந்தால் பாஸ். இங்கே உடைந்தால்தான் பாஸ். நானே ஒரு போனைப் போல அங்கே கிடந்தேன், யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு.

முடிந்ததும் ஸ்ட்ரெச்சரில் வார்டுக்கு. வாசலிலேயே சத்தம் கேட்டது. டியூட்டி மாறி வந்த நர்ஸ் என் கட்டில் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்: "ட்யூப் எங்கம்மா? ஐயையோ, புடுங்கிட்டியா? டாக்டர் என்னைத்தான் கேப்பாரு!"

கட்டிலில் எஸ்தர். சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வை இழுத்து மூடி, அடித்துப் போட்ட தூக்கம். கையில் பி.பி. பட்டை வேறு சுற்றியிருந்தது.

உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தவள் ஸ்ட்ரெச்சரில் என்னைப் பார்த்தாள். "வந்துட்டியாக்கா? டைம் ஆயிடுச்சா?" என்று எழுந்து, போர்வையை நாலாக மடித்து வைத்துவிட்டு, செருப்பைத் தேடினாள்.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எஸ்தருக்கும் கொஞ்ச நேரம் புரியவில்லை. காலியாக ஒரு கட்டில், நைட் முடிந்த உடம்பு, வேறென்ன செய்யும். "நீதான் போய்ட்டியே, அதான் படுத்துட்டேன்" என்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்து அடி வாங்கின வயிறு வலித்தது. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு இன்றைக்குத்தான் சிரித்தேன்.

பி.பி. நார்மலாம், எஸ்தருக்கு.

ஜூலை 18, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. எங்கிருந்தோ அம்மன் கோயில் மைக் சத்தம்.

இரண்டாவது தடவை மெஷின். எஸ்தர் இருந்தாள், இந்த வாரம் அவளுக்கு மத்தியான ஷிஃப்ட். திரையில் முட்டை இல்லை. நொய் அரிசி மாதிரி துண்டு துண்டாக. மெஷின்காரர் கட்டைவிரலைக் காட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, புதன் மத்தியானம் வாய் வழியாகக் கூட்டி எடுத்துவிடலாம், அதற்கப்புறம் தான் லீவில் போவதாகச் சொன்னார். அன்றைக்கும் கூட ஆள் வேண்டும், மயக்கம் கொடுப்பார்கள்.

புதன் மத்தியானம் எஸ்தருக்கு வேலை. லீவு போடுகிறேன் என்றாள். போடாதே என்றேன். இந்த மாதம் அவளுக்குக் காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம்; லீவு போட்டவர்களை முதலில் கழிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "பாப்பா இருக்கு உனக்கு. வந்தா உன்கூடப் பேச மாட்டேன்" என்றேன். முறைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கல், மூக்கு, மெஷின், புதன்கிழமை. அம்மாவின் முதல் கேள்வி: "அங்க நம்மூர்க்காரவுக யாருக்கும் தெரியாதுல்லா?"

"தெரியாது."

"யார்ட்டயும் சொல்லிராதட்டி. அவுக காதுக்குப் போயிரும்."

"நீ வாரியாம்மா?"

"நான் திடீர்னு மெட்ராசுக்குக் கெளம்புனா தெருவே கேக்குமே. என்னன்னு சொல்ல?"

வைத்துவிட்டேன். வைத்தது நானா அவளா தெரியவில்லை. கல் உடைந்த அன்றைக்கு இப்படி. நான் அழவில்லை. அவளுக்கும் வேறு என்ன தெரியும் என்று எழுதலாம்; ஆனால் எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. கோபமாக இருக்கிறது. அனாதைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றுகிறது.

ஜூலை 20, புதன்

காலையில் தூறல். மஞ்சள் நன்றாகக் குறைந்திருக்கிறது, கண்ணாடி பார்த்தேன்.

எஸ்தர் போன்: "வரட்டா?" "வராதே." "திமிரு புடிச்சவக்கா நீ."

நர்ஸிடம் அம்மா வருவதாகச் சொன்னேன். அக்காவுக்கு அடுத்த பொய். ஆள் இல்லை என்று தெரிந்ததும் திருப்பி அனுப்புவார்கள். டாக்டர் லீவு. மறுபடி காய்ச்சல். பிறகு கத்தி. எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. இருந்தாலும் ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தேன்.

கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். சிஸ்டர் வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டார். "பேச்சியம்மா அட்டெண்டர்!" கண்ணை மூடிக்கொண்டேன். "பேச்சியம்மா கூட யாருங்க?"

"நாந்தாம்மா."

தெரிந்த குரல். கண்ணைத் திறந்தால் தெரியாத ஒரு மொட்டைத்தலை. புது மொட்டை, காதோரம் பிளேடு கீறல், கையில் மஞ்சள் பை. பக்கத்தில் வந்து குனிந்தபிறகுதான் மூக்குத்தியை வைத்து அடையாளம் கண்டேன்.

"அம்மா, முடி எங்க?"

"திருப்பதிக்குப் போறேன்னு தெருவுல சொல்லிட்டு வந்தேன். மொட்ட போடாமத் திரும்புனா நம்புவாவளா?"

"திருப்பதி போயிட்டா வார?"

"அதுக்கு எங்க நேரம்? பெருங்களத்தூர்ல எறங்கி, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறி, அங்க ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சலூன்ல போட்டேன். அந்தத் தம்பி பொம்பளைக்குப் போட மாட்டேன்னான். அழுதேன். போட்டான்."

"சாமிக்குன்னு சொல்லிட்டு சலூன்லயா?"

"சாமி கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். நீ உள்ள போ."

சிஸ்டர் உறவு கேட்டார். "பெத்தவ" என்றாள். கையெழுத்தை அழுத்தி, எழுத்துக் கூட்டிப் போட்டாள்.

சாயங்காலம் எழுதுகிறேன். மூக்கில் குழாய் இல்லை. தொண்டை புண். எல்லாத் துண்டும் வந்துவிட்டது, பித்தக்குழாய் சுத்தம் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். அம்மா முந்தானையால் தலையை மூடுகிறாள், எடுக்கிறாள், மறுபடி மூடுகிறாள். வார்டில் எல்லோரும் எந்தக் கோயில் என்று கேட்கிறார்கள். திருப்பதி என்கிறாள், கூசாமல்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "ஆவணிக்குள்ள வளந்துருமாட்டி?"

"வளராது."

"அப்ப அவுக வரும்போது என்னன்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லும்மா. எம் மவளுக்குக் கல்லு இருந்துது, ஒடச்சாச்சுன்னு சொல்லு."

அம்மா முந்தானை நுனியை நனைத்து என் கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது போனபிறகும்.